ஸ்ரீரங்கத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு: பாலத்தில் வண்டி நின்றால் என்ன செய்வது?

ஸ்ரீரங்கத்தில் வீடு தேடி வருகிறவர்கள் தண்ணீர் எப்படி, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், கோவில் திருவிழாவில் தெருவுக்குள் கார் வருமா என்றெல்லாம் விசாரிப்பார்கள். பாலத்தைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை. குடிவந்து மூன்றாவது மாதம், காலை ஒன்பது மணிக்கு, மாம்பழச்சாலையில் அரை மணி நேரம் ஒரே இடத்தில் நின்று ஆபீசுக்கு லீவு சொல்லும்போதுதான் தாங்கள் ஒரு தீவில் குடியிருப்பது உறைக்கும்.

தீவு என்பது சும்மா சொல்வதல்ல. மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே ஓடுவது கொள்ளிடம், தெற்கே ஓடுவது காவிரி. ஸ்ரீரங்கமும் திருவானைக்கோவிலும் நடுவில். வேலை, பெரியாஸ்பத்திரி, காந்தி மார்க்கெட், திருச்சி ஜங்ஷன் எல்லாம் காவிரிக்குத் தெற்கே. சமயபுரமும் சென்னை போகிற வழியும் கொள்ளிடத்துக்கு வடக்கே. எந்தப் பக்கம் போனாலும் ஒரு பாலம் ஏறித்தான் ஆக வேண்டும். பாலத்தில் ஒரு லாரி பஞ்சரானால் அது இரண்டு கரைக்கும் நடுவே விழுந்த பூட்டு. சந்து, பொந்து, குறுக்குத் தெரு எதுவும் பாலத்தில் கிடையாது.

நான் இங்கே சொல்ல வருவதில் முக்கியமானது ஒன்றுதான்: முடிவைப் பாலத்தில் ஏறும் முன்பே எடுத்துவிட வேண்டும். மற்றதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்கிற விவரம்.

முதலில் பாலங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

உள்ளூர்க்காரர் "காவிரிப் பாலம்" என்றால் அது சிந்தாமணிக்கும் மாம்பழச்சாலைக்கும் நடுவே இருப்பது. 1976-இல் வந்தது, நீளம் 541 மீட்டர். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸும், ஸ்கூல் வேனும், பூ ஏற்றிய டெம்போவும், நீங்களும் நானும் போவது இதில்தான். இதற்குக் கிழக்கே சென்னை பைபாஸ் சாலையில் இன்னொரு காவிரிப் பாலம் இருக்கிறது. நெடுஞ்சாலைக்காரர்களுடையது. வெளியூர் வண்டிகள் ஊருக்குள் வராமல் அதில் போய்விடும். அவசரத்துக்கு நமக்குக் கைகொடுப்பதும் அதுதான். நடுவில் ரயில் பாலம்.

கொள்ளிடத்தில் திருவானைக்கோவிலையும் நம்பர் ஒன் டோல்கேட்டையும் இணைக்கிற பாலம் 2016-இல் திறந்தது. அதற்கு முன்பு 1928-இல் கட்டிய இரும்புப் பாலம்தான். புதுப்பாலம் வந்ததும் பழையதில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் ஒரு பகுதி தூணோடு ஆற்றில் போனது. அது வண்டி ஓடாத பாலமாக இருந்தது நம் அதிர்ஷ்டம். கொள்ளிடத்திலும் பைபாஸ் பாலம் தனியாக உண்டு.

இந்த வாரமே, அவசரம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, பைபாஸ் வழியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மாம்பழச்சாலையிலிருந்து திருவானைக்கோவில், அங்கிருந்து சென்னை பைபாஸ், பைபாஸில் தெற்கே திரும்பிக் காவிரியைத் தாண்டினால் சஞ்சீவி நகர். அங்கே இறங்கி மேற்கே ஓடத்துறை வழியாக வந்தால் சிந்தாமணி அண்ணா சிலை. நேர்வழியைப் போல் இரண்டு மடங்குக்குக் குறையாத தூரம். சஞ்சீவி நகர் சந்திப்பில் நிதானம் வேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில் வருகிற லாரியும் ஊருக்குள் திரும்புகிற ஸ்கூட்டியும் சந்திக்கிற இடம். முதல் தடவையாக அந்த வழியில் போவது, பதற்றத்தில் இருக்கிற நாளாக இருக்கக் கூடாது.

கடைசித் திருப்பம் எங்கே?

ஒவ்வொரு பாலத்துக்கும் அதற்குப் பிறகு மாற முடியாத ஓர் இடம் உண்டு. காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து டவுனுக்குப் போகிறவர்களுக்கு அது மாம்பழச்சாலை சந்திப்பு. சாயங்காலம் திரும்புகிறவர்களுக்குச் சிந்தாமணி அண்ணா சிலை ரவுண்டானா. அந்த இடத்தைத் தாண்டி நூறடி போய்விட்டால் பின்னால் பஸ் வந்து நின்றுவிடும், கதை முடிந்தது.

அதனால் அந்த இடத்துக்கு வந்ததும் ஒரு பத்து நொடி பாலத்தைப் படியுங்கள். முன்னால் நிற்கிற வண்டியைப் பார்த்து ஒன்றும் தெரியாது. எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள்.

பாலத்திலிருந்து இறங்கி வருகிற வண்டிகள் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தால், உங்கள் பக்கத்தில் மட்டும் ஏதோ ஒன்று. பெரும்பாலும் நின்றுபோன வண்டி. தள்ளிவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் சரியாகிவிடும், காத்திருக்கலாம். எதிர்ப்பக்கமிருந்து வண்டிகள் கும்பலாக வந்து, பிறகு ஒன்றுமே இல்லாமல், மறுபடி கும்பலாக வந்தால், போலீஸ் வந்துவிட்டது, ஒரே வழியில் மாற்றி மாற்றி விடுகிறார்கள் என்று அர்த்தம். போக முடியும், ஆனால் நேரமாகும். எதிர்ப்பக்கம் ஒரு வண்டியும் வரவில்லை, டூ வீலர்கூட இல்லை என்றால் நடுப்பாலத்தில் பெரிய விவகாரம். யோசிக்காமல் திருவானைக்கோவில் பக்கம் வண்டியைத் திருப்புங்கள்.

இன்னொரு அடையாளம் ஷேர் ஆட்டோ. மாம்பழச்சாலையில் ஷேர் ஆட்டோக்காரர் ஆளை இறக்கிவிட்டு வந்த வழியே திரும்புகிறார் என்றால் அதற்கு மேல் கூகுள் மேப்பைத் திறந்து பார்க்கத் தேவையில்லை. மேப்பில் சிவப்பு விழுவதற்கு முன்பே அவருக்கு எதிர்க்கரையிலிருந்து போன் வந்திருக்கும்.

பஸ்ஸில் இருக்கிறீர்களா? மாம்பழச்சாலையிலேயே இறங்கி நடையைக் கட்டுங்கள். 541 மீட்டர் என்பது நடைபாதையில் ஏழெட்டு நிமிஷம். அக்கரையில் அண்ணா சிலைக்கு வந்துவிட்டால் சத்திரம் பஸ் நிலையம் பக்கம்தான். குடிவந்த புதிதில் நான் முக்கால் மணி நேரம் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து வியர்த்தேன். பக்கத்து சீட்டிலிருந்த பாட்டி, "தம்பி, இது ஆறுதானே, கடலா?" என்று கேட்டுவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்தார். ஜன்னல் வழியாக அவர் அக்கரையை நோக்கிச் சின்னதாகிக்கொண்டே போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாட்டிக்கொண்டால்

திருப்பத்தைத் தவறவிட்டுப் பாலத்தின் நடுவில் நிற்கிறீர்கள். இனி இப்படி:

இடது ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். கைப்பிடிச் சுவரை ஒட்டி அல்ல, நடைபாதைத் திட்டை ஒட்டி. முன் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே அதன் பின் டயர் தெரிகிற அளவுக்கு இடைவெளி விடுங்கள். மூக்கோடு மூக்கு முட்டி நின்றால், ஒதுங்கச் சொல்லும்போது ஒதுங்க முடியாது. எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிறதே என்று அதில் நுழையாதீர்கள். முதலில் ஒரு பைக் போகும், அதன் வாலைப் பிடித்துப் பத்துப் பைக், அப்புறம் ஓர் ஆட்டோ, கடைசியில் ஒரு கார். ஆம்புலன்ஸும் ரெக்கவரி வண்டியும் வர இருந்த ஒரே வழி அதுதான். என் அனுபவத்தில், பாலத்தில் பதினைந்து நிமிஷத்தில் தீர வேண்டிய நெரிசல் ஒன்றரை மணி நேரம் ஆவதற்கு முக்கால்வாசிக் காரணம் விபத்து இல்லை, இந்த நுழைவுதான்.

யூ டர்ன் போட நினைக்காதீர்கள். போட்டவர்கள் பாதி திரும்பி, குறுக்கே நின்று, இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்வதைப் பார்க்கலாம்.

நிற்கும்போது பாலம் ஆடுவது போலத் தெரியும். பக்கத்தில் பஸ் நகர்ந்தால் காலடியில் ஒரு மெல்லிய துள்ளல் வரும். புதிதாக வந்தவர்கள் முகம் வெளுத்துப் போவார்கள். பயப்பட ஒன்றுமில்லை. கான்கிரீட் பாலம் கனம் ஏறினால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். தூண்களுக்கு மேலே விட்டிருக்கிற இணைப்பு இடைவெளிகள், வெயிலில் நீளவும் குளிரில் சுருங்கவும் இடம் கொடுக்கத்தான். வண்டி ஓடும்போது "டடக், டடக்" என்று கேட்கிறதே, அது அந்த இணைப்புகளின் சத்தம்.

அந்த இணைப்புகளும், தூணுக்கும் தளத்துக்கும் நடுவே இருக்கிற தாங்கிகளும் தேய்ந்துபோனதால்தான் 2022 செப்டம்பரில் காவிரிப் பாலத்தை மூடினார்கள். முதலில் கார், பஸ் கிடையாது, டூ வீலர் மட்டும் போகலாம். நவம்பரில் அதுவும் நின்றது. 6.87 கோடி ரூபாய் வேலை. 2023 மார்ச் 4-ஆம் தேதி திறக்கும்வரை, நடுவில் வந்த வைகுண்ட ஏகாதசி உள்பட, ஊரே பைபாஸ் வழியாகச் சுற்றியது. பழைய ஆட்களுக்கு மாற்றுவழி மனப்பாடம் ஆனது அந்த ஆறு மாதத்தில்தான்.

ஆம்புலன்ஸ் வந்தால்

சைரன் சத்தம் பின்னால் கேட்டதும் எல்லோரும் முன்னால் நகரத்தான் பார்ப்பார்கள். பாலத்தில் முன்னால் போக இடம் இல்லை, பக்கவாட்டில்தான் இருக்கிறது. இடது வரிசை இடது ஓரத்துக்கு, வலது வரிசை வலது ஓரத்துக்கு. நடுவே ஒரு வண்டி போகிற சந்து விழும். சக்கரத்தை ஒடித்து ஒன்றரை அடி நகர்ந்தால் போதும், ஆனால் எல்லோரும் நகர வேண்டும். முன் காரின் கண்ணாடியில் தட்டிச் சொல்ல வெட்கப்படாதீர்கள். ஆம்புலன்ஸ் போனதும் அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகிற புத்திசாலிகள் இருப்பார்கள். அவர்களில் ஒருவராக இருக்க வேண்டாம். 2019 சட்டத் திருத்தத்தின்படி ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து அந்தத் தொகையை வசூலிக்கிறார்கள்.

விபத்தை நீங்களே பார்த்தால் 108-ஐ அழையுங்கள். அழைக்கும்போது "காவிரிப் பாலம்" என்று மட்டும் சொன்னால் போதாது. மூன்று விஷயம் சொல்லுங்கள்: சிந்தாமணிப் பாலமா, பைபாஸ் பாலமா? எந்த முனைக்குப் பக்கம், சிந்தாமணியா மாம்பழச்சாலையா? அடிபட்ட வண்டி எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது? கடைசிக் கேள்விதான் முக்கியம். தவறான பக்கம் ஏறிவிட்ட ஆம்புலன்ஸ், பத்தடி தூரத்தில் அடிபட்டவரைப் பார்த்துக்கொண்டே நெரிசலில் நிற்கும். பைபாஸ் பாலம் என்றால் நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கும் சொல்லலாம், ரெக்கவரி வண்டி அவர்களிடம் உண்டு.

அடிபட்டவருக்கு உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்குமோ என்ற பயம் பலருக்கு இன்னும் போகவில்லை. உதவி செய்தவரை வழக்கில் இழுக்கக் கூடாது என்று அதே 2019 திருத்தத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. பெயர் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். "இன்னுயிர் காப்போம்" திட்டம் 2021 டிசம்பரில் வந்த பிறகு, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் திட்டத்தின் வரம்புக்குள் அரசே பார்த்துக்கொள்கிறது. முன்பணம் யார் கட்டுவது என்று ரோட்டில் நின்று யோசிக்க வேண்டாம்.

யாராவது தண்ணீரில் விழுந்துவிட்டால் தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112. நீச்சல் தெரியும் என்று குதிக்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரிகிற காவிரியில் தூணைச் சுற்றிச் சுழல் இருக்கும். கைப்பிடிச் சுவர் ஓரம் ஒருவர் தனியாக, நிலைகொள்ளாமல் நிற்பதைப் பார்த்தால் போனை வீடியோ எடுக்கத் தூக்காமல், பக்கத்தில் போய்ச் சாதாரணமாகப் பேச்சுக் கொடுங்கள். "எந்த ஊர், சாப்பிட்டாச்சா" என்பதே போதும். பேச்சு நடக்கும்போது இன்னொருவர் 112-ஐ அழைக்கட்டும். மனம் விட்டுப் பேச 104 இருக்கிறது என்பதையும் அவரிடம் சொல்லலாம்.

மேட்டூர் நிரம்பினால்

காலைப் பேப்பரில் மேட்டூர் நீர்மட்டம் 120 அடி என்று வந்தால், அது டெல்டாக்காரர்களுக்குச் சந்தோஷச் செய்தி, நமக்குப் போக்குவரத்துச் செய்தியும்கூட. அணை நிரம்பிய பிறகு வருகிற தண்ணீரை அப்படியே திறந்துவிடுவார்கள். அது முக்கொம்புக்கு வந்து சேர ஓரிரு நாள். அங்கே பெருவெள்ளத்தின் பெரும்பங்கைக் கொள்ளிடத்தில் திருப்பிவிடுவார்கள், காவிரியில் கரை தாங்குகிற அளவுதான்.

இதனால் ஒரு விசித்திரம் நடக்கும். கொள்ளிடத்தில் ஆபத்து தண்ணீரால் வருகிறது. 2018 ஆகஸ்டில் இரும்புப் பாலம் போன சில நாளில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பக்கத்தில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. 2024 ஆகஸ்டில் கொள்ளிடத்துக்குள் இருந்த உயர் அழுத்த மின்கோபுரம் சாய்ந்தது, பாலத்துப் பக்கம் தடுப்புச்சுவர் இடிந்தது. காவிரிப் பாலத்திலோ ஆபத்து வேடிக்கை பார்க்கிறவர்களால் வருகிறது. பாலத்தில் பைக்கை நிறுத்தி, குழந்தையைத் தூக்கிக் காட்டி, செல்ஃபி எடுத்து, சுண்டல் வாங்கி... ஒரு வரிசை அடைந்துவிடும். போலீஸ் மைக்கில் கத்திக்கொண்டே இருப்பார்கள். நானும் நின்றவன்தான், மறுக்கவில்லை. வருஷம் முழுக்க மணலாகக் கிடந்த ஆறு கரைக்குக் கரை ஓடும்போது தாண்டிப் போக மனசு வராது. ஆனால் பார்க்க வேண்டுமென்றால் வண்டியை மாம்பழச்சாலைப் பக்கம் எங்காவது விட்டுவிட்டு நடந்து போய்ப் பாருங்கள்.

அந்த நாட்களில் வடக்கே சமயபுரமோ சென்னையோ போவதாக இருந்தால், டோல்கேட் பாலத்தில் வண்டி விடுகிறார்களா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஆடி பதினெட்டு, வைகுண்ட ஏகாதசி, சமயபுரம் பூச்சொரிதல், சித்திரைத் தேர்: இந்த நாட்களின் நெரிசல் முன்கூட்டியே தெரிந்தது, காலண்டரில் வட்டம் போட்டால் போதும். சமயபுரம் பாதயாத்திரைக்காரர்கள் இரவிலும் பாலத்தில் நடந்து போவார்கள். ஓரமாக, மெதுவாக ஓட்டுங்கள்.

வீட்டில் செய்துவைக்க வேண்டியவை

வயசானவர்களும் கர்ப்பிணிகளும் இருக்கிற வீடு என்றால் இந்தப் பகுதியைக் கவனியுங்கள். அவசரத்துக்குப் போக வேண்டிய ஆஸ்பத்திரி அக்கரையில் மட்டும் இருந்தால் போதாது. இக்கரையில், தீவுக்குள்ளேயே, முதலுதவி கொடுத்து நிலைநிறுத்தக்கூடிய இடம் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீரங்கத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரிகளில் இரவு டூட்டி டாக்டர் இருப்பாரா என்று பகலிலேயே போய்க் கேட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு தடவை, மாமியாருக்கு நெஞ்சு வலி என்று வழக்கமான அக்கரை ஆஸ்பத்திரிக்கே போக வேண்டுமென்று பிடிவாதம் பிடித்துப் பாலத்தில் இருபது நிமிஷம் நின்றோம். வெறும் வாயுத் தொல்லை என்பது அப்புறம் தெரிந்தது. அந்த இருபது நிமிஷம் காருக்குள் யாரும் யாரிடமும் பேசவில்லை.

பிள்ளைகளின் ஸ்கூல் அக்கரையில் என்றால், நீங்கள் வர முடியாத நாளில் கூட்டிக்கொண்டு போய் வைத்திருக்க அந்தப் பக்கம் ஒரு வீடு வேண்டும். சித்தியோ, நண்பரோ, யாரோ ஒருவர். அவர் பெயரை ஸ்கூலில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். தண்ணீர் பாட்டில், போன் சார்ஜர், தினசரி மாத்திரையில் ஒரு வேளை வண்டியில் எப்போதும் இருக்கட்டும்.

சென்னைக்கு ரயிலில் போகிறவர்களுக்கு: பலர் பாலம் ஏறி, டவுனைத் தாண்டி, ஜங்ஷன்வரை போய், அங்கே ஏறி, அதே ரயிலில் ஸ்ரீரங்கம் வழியாகத் திரும்பி வருவார்கள்! மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனிலேயே நிற்கும். டிக்கெட் போடும்போது போர்டிங் பாயின்ட்டை ஸ்ரீரங்கம் என்று மாற்றினால் போதும். உள்ளூருக்குள்ளும் ரயில் உதவும். ஸ்ரீரங்கத்தில் ஏறினால் டவுன் ஸ்டேஷன், பொன்மலை, ஜங்ஷன் என்று காவிரியை நெரிசலில்லாமல் தாண்டலாம். பாசஞ்சர் நேரங்களைக் குறித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.

பாலம் திறந்த பிறகு

நின்றுபோன லாரியை இழுத்துவிட்டார்கள், போலீஸ்காரர் கையை ஆட்டிவிட்டார். உடனே கிளம்பாதீர்கள். இரண்டு கரையிலும் தேங்கி நின்ற அத்தனை வண்டியும் ஒரே நேரத்தில் இறங்கும், நெரிசல் பாலத்திலிருந்து அண்ணா சிலைக்கு மாறும், அவ்வளவுதான். மாம்பழச்சாலையில் நிற்கிறீர்கள் என்றால் ஓர் ஓரமாக வண்டியைப் போட்டு ஒரு டீ குடியுங்கள். டம்ளரைக் கீழே வைக்கும்போது எதிர்ப்பக்கம் ஒண்ணாம் நம்பர் பஸ் வழக்கமான வேகத்தில் பாலம் இறங்கி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கிளம்பலாம்.